ஒரு சட்டம் திசை மாறினால்…

நிபோங் திபாலில் கதவு என்றாலே கலிடோனியா தோட்டத்து 99 கதவு மாளிகைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு மட்டும் ஒரே ஒரு கதவு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக் கதவு.

அப்பா கட்டிய கொட்டகை அது. அவர் காலமான பிறகு பழைய கதவைக் கரையான் தின்றுவிட்டது. ‘ஆள் எதற்கு, நானே செய்கிறேன்’ என்று அம்மாவிடம் சொன்னேன். இரண்டு வார விடுமுறையில் செய்து மாட்டினேன். வானொலி நிகழ்ச்சியில் அதைப் பெருமையாகவும் பேசினேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில், அம்மா அந்தக் கதவை இரு கைகளாலும் தூக்கித் திறப்பதைப் பார்த்தேன். கீழ் மூலை சிமெண்டுத் தரையை உரசி, அரைவட்டமாகக் கோடு போட்டிருந்தது.

“ஏன்மா சொல்லல?”

“நீ ஆசையா செஞ்சது. எப்படிம்மா சொல்றது?”

தச்சு வேலை தெரிந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். “சாய்வுச் சட்டத்தை மாத்திப் போட்டிருக்கியேம்மா” என்று சிரித்தார்.

விஷயம் எளிது. நெட்டுப் பலகைகளைக் குறுக்குச் சட்டங்கள் சேர்த்துப் பிடிக்கின்றன. ஆனால் கதவு தொங்காமல் காப்பது சாய்வுச் சட்டம். அது கீல் பக்கத்தின் கீழ் மூலையில் தொடங்கி, தாழ்ப்பாள் பக்கத்தின் மேல் மூலைக்கு ஏற வேண்டும். அப்போது கதவின் பாரம் சட்டத்தின் வழியே இறங்கிக் கீழ்க் கீலில் போய்ச் சேரும். நான் போட்டது நேர்மாறு. பாரம் முழுவதும் திருகாணிகளை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அவற்றைத் தளர்த்திவிட்டது.

செய்ய நினைப்பவர்களுக்கு அவர் சொன்ன மற்றவை:

* நம் மழைக்கும் கரையானுக்கும் செங்கால் போன்ற வைரம் பாய்ந்த மரம் தாங்கும். மெராந்தி விலை குறைவு. ஆனால் மருந்தும் பூச்சும் கட்டாயம்.
* ஈரத்தில் மரம் உப்பும். பலகைகளுக்கு இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.
* பலகையின் வெட்டு முனைகள்தான் தண்ணீரை உறிஞ்சும். பூச்சை முதலில் அங்கே அடியுங்கள்.
* கடின மரத்தில் துளை போட்ட பிறகே திருகாணியை முடுக்குங்கள். துருப்பிடிக்காத திருகாணியாக இருக்கட்டும்.
* மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் கதவு சதுரம்.
* கனமான கதவுக்கு மூன்று நீளப் பட்டைக் கீல்கள் வேண்டும். தரையிலிருந்து 2 சென்டிமீட்டராவது உயர்த்தி மாட்டுங்கள்.

அன்று மாலையே கதவைக் கழற்றி, சட்டத்தைத் திருப்பிப் போட்டோம். இப்போது அம்மா ஒரு கையால் திறக்கிறார். மறு கையில் தேநீர்க் குவளை.

தரையில் அந்த அரைவட்டக் கோடு இன்னும் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் இப்போது முதலில் கேட்பது, “வீட்ல வேற எதும்மா திறக்கக் கஷ்டமா இருக்கு?”