நாற்காலி கிடைத்தது, குரல் எப்போது?
ஊராட்சிப் பெண் தலைவர்களுக்கான பேச்சுப் பயிற்சியும் அதன் எல்லைகளும்

புது தில்லி: 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் முதல் வாரத்தில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. ஒன்று, சத்தீஸ்கர் மாநிலம் கபீர்தாம் மாவட்டத்தின் பரஸ்வாரா என்ற சிற்றூரில். அங்கு ஊராட்சி உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பெண்களுக்குப் பதிலாக அவர்களின் கணவர்கள் பதவிப் பிரமாணம் எடுத்துக் கொண்டனர். மாலைகளும் அவர்களுக்கே சூட்டப்பட்டன. அக்காட்சி நாடெங்கும் பரவிய பின்னர் ஊராட்சிச் செயலர் தாற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

மற்றொன்று, தலைநகர் தில்லியின் விஞ்ஞான் பவனில். மார்ச் 4-ஆம் தேதி, மத்திய ஊராட்சி அமைச்சகம் 'சசக்த் பஞ்சாயத்து நேத்ரி அபியான்' என்ற இயக்கத்தைத் தொடக்கி வைத்தது. ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களின் தலைமைப் பண்பு, முடிவெடுக்கும் ஆற்றல், தன்னம்பிக்கை ஆகியவற்றைப் பயிற்சியின் மூலம் வளர்ப்பதே அதன் நோக்கம். பல மாநிலங்களிலிருந்து வந்திருந்த பெண் பிரதிநிதிகளால் அரங்கம் நிறைந்திருந்தது.

இவ்விரு காட்சிகளுக்கும் இடையே உள்ள தொலைவுதான், 73-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இந்நாட்டின் அடித்தள மக்களாட்சி கடக்க வேண்டியிருக்கும் தொலைவு.

எண்ணிக்கையில் வெற்றி

எண்ணிக்கையில் குறையேதும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்கிய இட ஒதுக்கீட்டை, பிகார் 2006-இல் பாதியாக உயர்த்தி வழிகாட்டியது. அதன் பின்னர் தமிழகம் உள்பட பெரும்பாலான மாநிலங்கள் அதே பாதையில் சென்றன. நாடு முழுவதும் ஊராட்சி அமைப்புகளில் உள்ள ஏறத்தாழ 31 லட்சம் பிரதிநிதிகளில் 14 லட்சத்துக்கும் அதிகமானோர் பெண்கள் என்று அமைச்சகத்தின் கணக்குகள் கூறுகின்றன. இத்தனை பெண்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் இருக்கும் நாடு உலகில் வேறில்லை.

ஆயினும், வட மாநிலங்களில் 'சர்பஞ்ச் பதி', 'பிரதான் பதி', 'முகியா பதி' என்ற சொற்கள் பதவிப் பெயர்களைப் போலவே புழங்குகின்றன. தலைவியின் கணவர் என்பதே அதன் பொருள். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் அவர் அமர்கிறார். கோப்பை அவர் படிக்கிறார். ஒப்பந்ததாரரிடம் அவர் பேசுகிறார். தலைவியின் பங்கு கையெழுத்துடன் முடிகிறது. சில இடங்களில் அதுவும் இல்லை.

இந்நிலைக்கு எதிராகத் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-இல் அமைச்சகத்தை அணுகுமாறு மனுதாரருக்குக் கூறியது. அதையடுத்து, மத்திய அரசின் முன்னாள் செயலர் சுஷில் குமார் தலைமையில் அமைச்சகம் ஒரு குழுவை நியமித்தது. பெண் தலைவர்கள் கிராம சபையின் முன் பகிரங்கமாகப் பதவியேற்க வேண்டும், பதிலி ஆட்சி நடத்துவோருக்குக் கடும் தண்டனை வேண்டும், தாய்மொழியில் தொடர் பயிற்சி வேண்டும் என்பன அக்குழுவின் பரிந்துரைகளில் அடங்கும்.

பயிற்சியில் நடப்பது என்ன?

நாட்டின் பல பகுதிகளில் மாநில ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிலையங்களும் தன்னார்வ அமைப்புகளும் நடத்தும் முகாம்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தொடங்குகின்றன. ஒவ்வொருவரும் எழுந்து நின்று தம் பெயரைச் சொல்ல வேண்டும். இன்னாரின் மனைவி, இன்னாரின் மருமகள் என்று அல்ல; தம் சொந்தப் பெயரை, பதவியுடன் சேர்த்து. எளிமையாகத் தோன்றும் இதற்கே முதல் நாளின் பெரும்பகுதி செலவாவது உண்டு. முக்காட்டை நெற்றிக்கு மேல் உயர்த்துவதும் சிலருக்கு அன்றுதான் முதன்முறை.

பின்னர் மாதிரி கிராம சபை. ஒருவர் தலைவராக அமர, மற்றவர்கள் குடிநீர் வரவில்லை என்றும் வீட்டுத் திட்டத்தில் பெயர் விடுபட்டது என்றும் கேள்வி எழுப்புகிறார்கள். குறுக்கே பேசுபவரை எப்படி நிறுத்துவது, தெரியாத கேள்விக்கு எப்படி மறுமொழி கூறுவது, தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே கையெழுத்திடுவது எப்படி என்பதெல்லாம் பழக்கப்படுத்தப்படுகின்றன. வரவு செலவுக் கணக்கைப் படிப்பது, அதிகாரிக்கு எழுத்து மூலம் மனு அளித்து ஒப்புகை பெறுவது ஆகியவையும் பாடங்களே. பேச்சுத் துணிவு என்பது நாவன்மை அல்ல. விவரம் கையில் இருப்பதால் வரும் உறுதி என்பதே இப்பயிற்சிகளின் சாரம்.

பலன் உண்டா?

உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. மேற்கு வங்கத்தின் வீர்பூம், ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டங்களில் பொருளியல் அறிஞர்கள் ராகபேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டூஃப்ளோவும் மேற்கொண்ட ஆய்வு 2004-இல் வெளியானது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்கு அதிகம் செலவிடப்படுகிறது என்று அது காட்டியது. மேற்கு வங்கத்தில், தலைவர் பெண்ணாக இருந்தால் ஊர்ப் பெண்களும் ஊராட்சியில் கூடுதலாகப் பங்கேற்றனர். ஒருவரின் குரல் பலரின் குரலைத் திறக்கிறது.

தமிழகக் கிராம சபைகளின் உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்து ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. ஆண்களைவிடப் பெண்கள் பேசும் வாய்ப்புக் குறைவு. அவர்கள் எழுப்பும் பொருள் தொடர்ந்து விவாதிக்கப்படுவதும் குறைவு. அதிகாரிகளிடமிருந்து உரிய மறுமொழி கிடைப்பதும் குறைவு என்று அது கண்டது. பெண் தலைவர் இருந்த இடங்களில் பெண்களுக்கு மறுமொழி கிடைப்பது மேம்பட்டிருந்தது. தமிழகத்தில் சுய உதவிக் குழுக்களை அடித்தளமாகக் கொண்டு நடைபெற்ற புதுவாழ்வுத் திட்டம், கிராம சபையில் பெண்கள் பேசுவதைக் கணிசமாகக் கூட்டியது என்பதும் இதே துறையின் ஆய்வுகள் காட்டும் உண்மை. ஆகவே, மேடைக் கூச்சம் பிறவிக் குணமன்று. பழக்கத்தால் வந்தது, பழக்கத்தால் போகும்.

வடிகட்டலா, வளர்த்தெடுத்தலா?

இந்த உண்மையை எல்லா அரசுகளும் ஏற்றுக் கொண்டதில்லை. ராஜஸ்தான் 2014 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் குறைந்தபட்சக் கல்வித் தகுதியை விதித்தது. ஹரியாணா 2015-இல் அதைப் பின்பற்றியது. ஹரியாணாவின் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2015 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்க வாய்ப்பளிக்கப்படாத பெண்கள், அதே காரணத்துக்காக ஊராட்சி மன்றத்தின் வாசலிலும் நிறுத்தப்பட்டனர். ராஜஸ்தான் 2019-இல் இந்நிபந்தனையைக் கைவிட்டது.

இங்கு ஓர் ஒப்பீடு அவசியம். புதிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அவை நடைமுறைகளைக் கற்றுத் தருவதற்கென்றே 1976 முதல் நாடாளுமன்றத்தில் தனிப் பயிற்சி அமைப்பு இயங்கி வருகிறது. இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான பட்டதாரிகள் முசூரி அகாதெமியிலும் மாவட்டங்களிலுமாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெறுகின்றனர். இவர்களின் தகுதியை எவரும் ஐயுறுவதில்லை. ஆனால், அதே ஆட்சியர் முன் நின்று தம் ஊருக்காக வாதாட வேண்டிய தலைவிக்குச் சில நாள் முகாமே போதும் என்று கருதப்படுகிறது. அதிலும் தடுமாறினால் குறை அவருடையது என்று முடிவு கட்டப்படுகிறது. சுழற்சி முறையில் ஒதுக்கீடு வேறு ஊராட்சிக்கு மாறும்போது, அவர் அரும்பாடுபட்டுப் பெற்ற அனுபவமும் பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது.

பயிற்சியின் எல்லை

துணிந்து பேசத் தொடங்கிய பெண்ணுக்கு அடுத்து நேர்வது என்ன என்பது இதனினும் கடினமான கேள்வி. 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த இரு வழக்குகள் இதைத் தெளிவாக்கின. மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் பதவி பறிக்கப்பட்ட ஒரு பெண் தலைவருக்கு, செப்டம்பரில் நீதிமன்றம் மீண்டும் பதவியளித்தது. பெண் ஒருவர் தலைமை ஏற்றதை ஊரார் சிலரால் ஏற்க முடியாமையே புகாரின் பின்னணி என்று நீதிபதிகள் கருதினர். சத்தீஸ்கரின் ஜஷ்பூர் மாவட்டத்தில் பணிகள் தாமதமாயின என்று கூறி நீக்கப்பட்ட இளம் தலைவரை நவம்பரில் மீட்டதோடு, அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்குமாறு மாநில அரசுக்கும் ஆணையிட்டது. இவ்விருவரும் பேசத் தெரியாததால் நீக்கப்பட்டவர்கள் அல்லர்.

எனவே, பயிற்சி என்பது பெண்களுக்கு மட்டும் உரியதாக இருத்தல் ஆகாது. தலைவியின் நாற்காலியில் கணவரை அமர்த்தும் ஊராட்சிச் செயலருக்கும், 'வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள்' என்று திருப்பி அனுப்பும் அலுவலருக்கும் அது வேண்டும். கேட்கப் பழகாத அதிகாரத்தின் முன், பேசப் பழகியவரின் துணிவு நெடுநாள் நீடிக்காது.

மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை உறுதி செய்யும் அரசமைப்புச் சட்டத் திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. அவ்விடங்களில் அமரவிருப்போரில் பலர் ஊராட்சிகளிலிருந்துதான் வரக்கூடும். பரஸ்வாராவில் மாலை யார் கழுத்தில் விழுந்தது என்பது ஒரு சிற்றூரின் செய்தி மட்டுமன்று. தேர்ந்தெடுக்கப்பட்டவரே உறுதிமொழியை வாய்விட்டுச் சொல்வது மக்களாட்சியின் முதல் பாடம். அதை இன்னும் படிக்க வேண்டியவர்கள் அந்த ஆறு பெண்கள் மட்டும் அல்லர்.