திரை இருண்டால் கணினி இறந்துவிட்டதாகுமா?

ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கும் என் மாமா வீட்டுச் சாமான் அறையில் பல ஆண்டுகளாகத் துணி போர்த்திக் கிடந்தது ‘ஆப்பிள் 2 பிளஸ்’ கணினி. அண்மையில் அது மின்கழிவாகப் போகவிருந்தது. இயக்கிப் பார்த்தபோது திரையில் ஒன்றுமே தெரியவில்லை. “உசிரு போயிருச்சு, தூக்கிப் போட்டுரலாம்,” என்றார் மாமா.

ஆனால், விசையைத் தட்டியதும் உள்ளிருந்து ‘பீப்’ என ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்தான் கணினியைக் காப்பாற்றியது.

இவ்வகைக் கணினிக்கும் சிங்கப்பூருக்கும் பழைய உறவு உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1981ஆம் ஆண்டு அங் மோ கியோவில் தொழிற்சாலை திறந்து, ஆப்பிள் 2 கணினிக்கான மின்சுற்றுப் பலகைகளைத் தயாரித்தது. அதே ஆண்டு சிம் வோங் ஹூ தம் நண்பருடன் சைனாடவுனில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். ஆப்பிள் 2 கணினிக்கான கூடுதல் நினைவகப் பலகையை உருவாக்கிய அந்தக் கடைதான், பின்னாளில் ஜூரோங் ஈஸ்ட்டில் தலைமையகம் அமைத்த ‘கிரியேட்டிவ்’ நிறுவனமாக வளர்ந்தது.

முதலில் வெளியே பாருங்கள்

கோளாறு கணினியில்தான் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பழைய டிவிடி கருவி இருந்தால், அதை அதே கம்பிவடத்தில், அதே திரையில் இணைத்துப் பாருங்கள். படம் வந்தால் திரையும் வடமும் நலம். புதிய தொலைக்காட்சிகளில் சில, இந்தப் பழைய கணினி அனுப்பும் சமிக்ஞையை ஏற்பதில்லை. அதனால் இன்னொரு திரையிலும் சோதிப்பது நல்லது.

சத்தம் சொல்லும் செய்தி

ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்த இந்தக் கணினியில் செயலியும் திரைச் சுற்றும் ஒரே நினைவகத்தை முறை வைத்துப் பயன்படுத்துகின்றன. நினைவகச் சில்லுகளில் உள்ள தகவலை அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் அது நொடிப்பொழுதில் அழிந்துவிடும். அதைப் புதுப்பிப்பதும் திரைச் சுற்றின் எண்ணிச் சில்லுகள்தான். அவை நின்றுபோனால் நினைவகம் தகவலை இழக்கும். ‘பீப்’ சத்தமும் வராது.

ஆகவே, சத்தம் வந்தால் செயலி, நினைவகம், கடிகாரச் சுற்று, எண்ணிகள் எல்லாம் பெரும்பாலும் வேலை செய்கின்றன என்று பொருள். பழுது அதற்குப் பிந்திய கடைசிக் கட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். எழுத்து வடிவங்களைத் தரும் சில்லு, அவற்றைப் புள்ளிகளாக வரிசையில் அனுப்பும் சில்லு, சமிக்ஞையை வெளியே தள்ளும் சிறு டிரான்சிஸ்டர், பின்புறத் துளையின் ஈயப் பற்று ஆகியவைதான் அந்தக் கட்டம்.

இதற்கு நேர்மாறும் உண்டு. சத்தமே இல்லாமல் திரை முழுவதும் அர்த்தமற்ற எழுத்துகள் அசையாமல் நின்றால், திரைச் சுற்று நன்றாக இருக்கிறது; செயலி அல்லது நினைவகப் பக்கம்தான் பார்க்க வேண்டும். படம் மேலும் கீழும் ஓடினால், ஒத்திசைவுச் சமிக்ஞையில் குறை இருக்கலாம்.

உள்ளே கைவைக்குமுன்

மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகே மூடியைத் திறக்கவேண்டும். பலகையில் உள்ள சில்லுகளில் பெரும்பாலானவை தாங்கிகளில் செருகப்பட்டவை. நம் ஊர் ஈரக்காற்றில் அவற்றின் கால்கள் கறுத்துவிடும். ஒவ்வொன்றையும் மெல்ல அழுத்தினாலோ, எடுத்துத் துடைத்துச் செருகினாலோ பல கோளாறுகள் தீர்ந்துவிடும். எடுக்கும்போது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சில்லு தேவைப்பட்டால், தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சிம் லிம் டவரில் மின்னணு உதிரிபாகக் கடைகளைப் பார்க்கலாம்.

இரண்டை மட்டும் திறக்கவே கூடாது. ஒன்று, மின்வழங்கிப் பெட்டி. மற்றொன்று, பழைய படக்குழாய்த் திரை. அதில் 10,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும்; மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் அது தங்கியிருக்கலாம். அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

மாமா வீட்டுக் கணினியில் பழுது, பின்புறத் துளையின் ஈயப் பற்றில் விழுந்திருந்த மயிரிழை விரிசல்தான். தெரிந்த மின்னியல் பணியாளர் ஒருவர் ஐந்தே நிமிடத்தில் பற்றவைத்தார். திரையின் உச்சியில் ‘ஆப்பிள்’ என்ற எழுத்து தெரிந்தது.

மாமா அலமாரியிலிருந்து ஒரு நெகிழ்வட்டைத் தேடி எடுத்தார். மகள் தொடக்கப்பள்ளியில் படித்தபோது அவளுக்காக அவரே எழுதிய வாய்ப்பாடு நிரல் அதில் இருந்தது. சரியான விடை சொன்னால், அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டும். அந்த மகளுக்கு இப்போது பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது.

முதல் வேலையாக அந்த வட்டைப் பிரதி எடுக்கச் சொன்னேன். கணினியை மீண்டும் பழுதுபார்க்கலாம். வட்டில் இருப்பது அழிந்தால் திரும்ப வராது.