மாதம் ஒரு தரம், கால் மணி நேரம்

வாரந்தோறும் சரக்கு இருப்பைப் பார்க்கிறோம். மாதந்தோறும் பாக்கி நோட்டைப் புரட்டுகிறோம். ஆனால் கடைச் சிப்பந்தியுடன் தனியே உட்கார்ந்து கடைசியாகப் பேசியது எப்போது என்று கேட்டால், "வேலைக்குச் சேர்த்த அன்று" என்றுதான் நம்மில் பலர் சொல்வோம்.

என் மளிகைக் கடையில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவர் ஒரு நாள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். சம்பளம் போதவில்லை போலும் என்று நினைத்தேன். காரணம் வேறு. தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக மாதம் அரை நாள் கேட்டிருந்தார். கல்லாவில் கூட்டம் நின்ற வேளை. "அப்புறம் பார்க்கலாம்" என்றேன். மறுமுறையும் அதே பதில். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. எந்த வீட்டுக்கு எந்த அரிசி என்று மனப்பாடமாக அறிந்தவரை, அரை நாளுக்காக இழந்தேன்.

அதன் பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டேன். கடையில் நான்கு பேர். வாரம் ஒருவர் வீதம், மதியம் வியாபாரம் மந்தமான நேரத்தில், கிட்டங்கியில் கால் மணி நேரம் பேசுகிறோம். இன்டெல் கம்பெனியை நடத்திய ஆண்டி குரோவ், 1983-இல் வெளிவந்த தம் நிர்வாக நூலில் இத்தகைய சந்திப்பை வலியுறுத்தியிருக்கிறார். அது ஊழியருக்கு உரிய நேரம், பேச வேண்டியதை அவரே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மளிகைக் கடைக்கும் அதுவே பொருந்தும்.

முதல் மாதம் எல்லோரும் "ஒன்றுமில்லை, முதலாளி" என்றார்கள். மூன்றாம் மாதம் ஒருவர் பின்சுவரில் எலி வளை இருப்பதைச் சொன்னார். இன்னொருவர், 50 கிராம் மிளகுப் பொட்டலம் இல்லாமல் பலர் திரும்பிப் போவதைச் சொன்னார். இரண்டும் கல்லாவில் இருந்த என் கண்ணில் படாதவை.

கவனிக்க வேண்டியவை சில. முதலில் அவர் பேசட்டும். அந்த நேரத்தில் பழைய தவறுகளைக் கிளறாதீர்கள். கேட்டதை நோட்டில் குறியுங்கள். முடியாததை முடியாது என்று அன்றே சொல்லுங்கள். வார விடுமுறையை 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும், உட்கார இருக்கையை அதன் 2021 திருத்தமும் கட்டாயமாக்கியுள்ளன. அவற்றைச் சலுகையாகப் பேசக் கூடாது.

இந்த வாரமே தொடங்குங்கள். நெடுநாள் பழகிய சிப்பந்தியை முதலில் அழையுங்கள். அவர் போகமாட்டார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.