பிள்ளைகள் சொல்லாமல் மறைக்கும் சீழ்க்கட்டி

'மூலம், பவுத்திரம்' விளம்பரம் எழுதாத சுவர் நம் ஊர்களில் குறைவு. விழுப்புரமும் திண்டிவனமும் அதற்கு விலக்கல்ல. பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பின்பக்கம் சீழ் வடிந்தால், வீட்டார் முதலில் நினைப்பதும் அந்த இரண்டில் ஒன்றைத்தான். ஆனால் துளை ஆசனவாய்க்கு அருகில் இல்லாமல், சற்று மேலே, வால் எலும்பை ஒட்டி, புட்டப் பிளவின் நடுக்கோட்டில் இருந்தால் அது பெரும்பாலும் 'பைலோனைடல் சைனஸ்' என்ற வேறு நோய். உள்ளே முடி சேர்ந்திருக்கும்.

பிறவியிலேயே வருவது என்றுதான் மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் சுமார் 80,000 அமெரிக்கச் சிப்பாய்கள் இதற்காக மருத்துவமனையில் சேர்ந்தபோது, 'ஜீப் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். 1946இல் முடிதிருத்துநர் ஒருவரின் விரலிடுக்கிலும் இதே குழியை லண்டன் மருத்துவர்கள் கண்டார்கள். அங்கே பிறவிக் கோளாறுக்கு இடமேது? வெட்டுப்பட்ட முடிதான் தோலைத் துளைத்து நுழைந்திருந்தது. 2018இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் நோயாளிகளின் குழிகளில் இருந்ததை ஆராய்ந்தபோது, கூர்முனை கொண்ட, வேரில்லாத தலைமுடித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. முடிவெட்டியதும் குளிக்கச் சொல்லும் நம் வீட்டு வழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவாவது விடாமல் வைத்திருக்கலாம்.

பருவம் வந்தபின் தொடங்கும் நோய் இது. பெண்பிள்ளைகளுக்கும் வரும். வெட்கத்தில் அம்மாவிடம்கூடச் சொல்லாமல், துணியில் கறை தெரியும்வரை பொறுத்துக்கொள்வார்கள். கட்டி பழுத்து வலித்தால் அதைக் கீறிச் சீழை எடுப்பதே முதல் வேலை. மற்றதெல்லாம் புண் ஆறிய பிறகு. தொந்தரவே தராத துளையை வெட்டவே வேண்டாம்.

பழைய முறையில் அந்த இடத்தை அகலமாகத் தோண்டி எடுத்துத் திறந்தே விடுவார்கள். மாதக்கணக்கில் கட்டு மாற்ற வேண்டும், பள்ளிக்கூடம் போய்விடும். நடுக்கோட்டிலேயே தைத்தால் வியர்வையும் அசைவும் தையலை ஆறவிடாது. கிரேக்க ராணுவ மருத்துவர் கரிடாகிஸ் இதற்கு வழி கண்டார்: தையலை ஒரு பக்கமாக நகர்த்தி, பிளவின் ஆழத்தையும் குறைத்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளில் சுமார் ஒரு சதவீதம் பேருக்கே நோய் திரும்பியது. சாய்சதுர வடிவில் தோலை நகர்த்தி மூடும் 'லிம்பர்க்' முறையும் அதே நோக்கத்தில் செய்வதுதான்.

வளரும் பிள்ளைகளுக்கு இதையும்விடச் சிறிய வழி உண்டு. அமெரிக்க மருத்துவர் பாஸ்கம் 1980களில் காட்டியபடி, நடுக்கோட்டுத் துளைகளை மட்டும் நெல்மணி அளவில் வெட்டியெடுத்து, உள்ளிருக்கும் முடியை அகற்றினால் பலருக்குப் போதும். மரத்துப்போகும் ஊசியிலேயே செய்துவிடலாம். சில நாளில் வகுப்புக்குத் திரும்பலாம். மறுபடி வரும் வாய்ப்பு பெரிய அறுவையைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் முதலில் சின்ன வெட்டைக் கேட்டுப் பாருங்கள் என்றுதான் பெற்றோருக்குச் சொல்வேன். திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ, 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் காட்டி இதைப் பேசலாம்.

மறுபடி வராமல் தடுப்பதில் முடிக்குத்தான் முதலிடம். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் 11 முதல் 21 வயதுவரையிலான 302 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான பராமரிப்போடு லேசரால் முடி நீக்கியவர்களில் ஓராண்டுக்குள் 10.4 சதவீதத்தினருக்கே நோய் திரும்பியது. லேசர் இல்லாதவர்களில் 33.6 சதவீதம். அழகு நிலையங்களில் காசு கட்டிச் செய்துகொள்ளும் அந்த லேசரை, இந்தப் பிள்ளைகளுக்கு நோய்ச் சிகிச்சையாகவே கருதி அரசு இலவசமாகத் தர வேண்டும்.