கவலையும் சர்க்கரையும்

"மாத்திரை தவறவில்லை, இனிப்பைத் தொடவில்லை, ஆனாலும் சர்க்கரை ஏறியிருக்கிறது" என்று வருந்துவோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். உடனே நமக்குச் சந்தேகம் வருகிறது. ஒளித்துவைத்து எதையோ சாப்பிட்டிருப்பார் என்று வீட்டாரும் கடிந்துகொள்கிறார்கள். ஆனால் சர்க்கரை வாய் வழியாக மட்டும் ஏறுவதில்லை. கவலையாலும் ஏறும்.

ஆபத்து வரும்போது ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலுக்கு ஆற்றல் தேவை. சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அப்போது அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கின்றன. கல்லீரல் தான் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. இன்சுலினின் வேலையும் மந்தமாகிறது. நலமாக இருப்பவரின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதைச் சரிசெய்துவிடும். நீரிழிவு உள்ளவரின் கணையத்தால் அது இயலாது. பாம்பைக் கண்டு ஓடினால் அந்தச் சர்க்கரை செலவாகும்; கடன்காரரை நினைத்து உட்கார்ந்திருந்தால் எங்கே செலவாகும்?

அமெரிக்க மருத்துவ அறிஞர் வால்டர் கேனன், அச்சமுற்ற பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வருவதை 1911-இல் கண்டார். பின்பு ஹார்வர்டு பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் 25 பேரை, முக்கியமான ஓர் ஆட்டம் முடிந்தவுடன் சோதித்தனர். 12 பேரின் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. அவர்களில் 5 பேர் களத்தில் இறங்கவே இல்லை! மாற்று ஆட்டக்காரர்களாக வெளியே அமர்ந்து பதற்றத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

இப்போது காஞ்சிபுரத்துக்கு வருவோம். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் குழித்தறியில் அமர்ந்து நெய்யும் நெசவாளியை எண்ணிப் பாருங்கள். கோர்வைச் சேலை என்றால் உடலையும் கரையையும் தனித்தனி நாடா கொண்டு கோத்து நெய்ய வேண்டும்; உதவிக்கு உடன் ஒருவர் வேண்டும். ஒரு சேலைக்குப் பத்து, பதினைந்து நாள்கள்கூட ஆகும். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. முன்பணம் வாங்கியிருந்தால் அதிலும் பிடித்தம் உண்டு. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறினால் வேலை நின்றுவிடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தறிகள் ஓசையின்றிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. இப்படிப்பட்ட கவலை ஒரு நாளில் வந்து போவதில்லை. மாதக்கணக்கில் உடனிருக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கம் கெட்டாலும் சர்க்கரை ஏறும். கையில் பணமில்லாத வாரத்தில் மாத்திரையை ஒருநாள்விட்டு ஒருநாள் போட்டுக்கொள்வோரும் உண்டு.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. எனவே இது நம் எல்லார் வீட்டுச் செய்திதான்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மனம் தெளிந்தால் சர்க்கரை தானே போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கவலை நீரிழிவை மோசமாக்கும் என்பது உண்மை. அதற்காக மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவது ஆபத்து. கவலையின் தாக்கம் எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதுமில்லை. சிலருக்கு, குறிப்பாக இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கு, மனக்கலக்கத்தில் சாப்பாடு குறைந்து சர்க்கரை இறங்கிவிடுவதும் உண்டு. அப்போது வரும் வியர்வை, படபடப்பு, கைநடுக்கம் எல்லாம் பயத்தின் அறிகுறி போலவே தெரியும். "வீணாகப் பயப்படுகிறார்" என்று விட்டுவிடாமல், கருவி இருந்தால் உடனே சோதித்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால், அவர் விழுங்கும் நிலையில் இருக்கும்போதே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுக்கலாம்.

"கவலைப்படாதீர்கள்" என்று சொல்வதால் எவருடைய கவலையும் தீர்ந்ததாக நமக்குத் தெரியவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், கூலி கைக்கு வந்ததா என்றும் கேட்கலாம். அதை மருத்துவரிடமும் சொல்லச் சொல்லலாம். மருந்தின் அளவை முடிவு செய்ய அவருக்கு அது உதவும். மாலையில் அரை மணி நேரம் உடன் நடக்கலாம். நடக்கும்போது தசைகள் அந்தச் சர்க்கரையைச் செலவழிக்கின்றன. பேசத் தயங்குபவரும் நடையில் சற்றே வாய் திறப்பார். தறியை விட்டு மருத்துவமனையில் வரிசையில் நின்றால் ஒருநாள் நெசவு போகும் என்பவருக்கு, அந்த வரிசையில் அவருக்காக நாம் நின்று மாத்திரை வாங்கித் தர முடியுமா என்று விசாரிக்கலாம்.