திருகோணமலை ஹரிக்கேனின் அடிப்பக்கம் என்ன நிறம்?

1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசின. அவற்றை எதிர்க்கச் சீனக்குடா ஓடுதளத்திலிருந்து மேலே எழுந்தவை பிரிட்டிஷ் விமானப்படையின் 261-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்கள். நான்கு நாள் முன்னதாக, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பும் இதே அடியை வாங்கியிருந்தது. அங்கே குதிரைப் பந்தயத் திடலையே ஓடுதளமாக மாற்றி ஹரிக்கேன்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. அந்த விமானங்களின் அடிப்பக்கத்தில் என்ன நிறம் பூசியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தடுமாறத் தொடங்கும்.

யாருக்கு வேண்டும் இந்தக் கேள்வி? ஃப்ளைட் சிமுலேட்டரில் பழைய போர் விமானங்களுக்கு ‘ரீபெயின்ட்’ செய்கிறவர்களுக்கு வேண்டும். சிமுலேட்டரோடு வரும் ஹரிக்கேனுக்கு ஒன்றிரண்டு தோற்றங்கள்தான் இருக்கும். குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு தளத்தில் நின்ற விமானம் வேண்டுமென்றால் ஆர்வலர் ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும். புத்தகம் எழுதுகிறவர் ‘நிறம் தெளிவாகத் தெரியவில்லை’ என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ரீபெயின்ட்காரருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஏதாவது ஒரு நிறம் கொடுத்தே தீர வேண்டும்.

வேலை நடப்பது விமானத்தின் மேல் அல்ல, ஒரு சதுரப் படத்தின் மேல். தையற்காரர் சட்டைக்கு வெட்டிய துணித்துண்டுகளை மேசையில் பரப்பி வைப்பதுபோல, முப்பரிமாண உருவத்தின் இறக்கை, உடல், வால் எல்லாம் தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்து அந்தச் சதுரத்தில் தட்டையாகக் கிடக்கும். உருமறைப்புக்காகப் பூசிய பச்சைத் திட்டு இறக்கையில் தொடங்கி உடலுக்குள் வளைந்து செல்கிறது என்று வையுங்கள். திரையில் ஒன்றாகத் தெரியும் அந்தக் கோடு சதுரத்தில் இரண்டு மூலைகளில் கிடக்கும், வேறு வேறு கோணத்தில். இரண்டு முனைகளும் பொருந்தும்வரை இழுத்து இழுத்துத் திருத்துவதில்தான் பாதி நேரம் கரைகிறது. பழைய சிமுலேட்டர்களில் சில மாடல்கள் இடப்பக்கப் படத்தையே வலப்பக்கத்துக்கும் திருப்பிப் பயன்படுத்தின. அவற்றில் எண் எழுதினால் ஒரு பக்கம் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும்.

ஹரிக்கேனின் நீளம் ஏறக்குறைய 9.8 மீட்டர். 4096 பிக்சல் அகலமுள்ள படத்தில் அதன் உடலை முழுவதும் நீட்டி வைத்தால் ஒரு பிக்சலுக்கு 2.4 மில்லிமீட்டர் வரும். விமானத்தின் தொடர் எண்ணை 8 அங்குல உயர எழுத்தில் எழுதுவது பிரிட்டிஷ் வழக்கம். அது 85 பிக்சல் உயரத்துக்கு வரும், கச்சிதமாகத் தெரியும். அதே எழுத்து பழைய 1024 பிக்சல் படத்தில் வெறும் 21 பிக்சல். கோட்டின் தடிமன் இரண்டரை பிக்சல். 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது.

பெரிய படம் எடுத்துக்கொண்டால் நினைவகம் இடிக்கிறது. 4096 பிக்சல் சதுரம் சுருக்காமல் 64 மெகாபைட் பிடிக்கும். எனவே படத்தை நான்குக்கு நான்கு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நிறங்கள் மட்டுமே எழுதப்படும். அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டு நிறங்களைக் கணினி கணக்கிட்டுக்கொள்ளும். பச்சையும் பழுப்பும் சேரும் இடத்தில் இதனால் குறையொன்றும் தெரியாது. சிவப்பும் வெள்ளையும் நீலமும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்தால் மூன்றில் ஒன்று அழுக்காகிவிடும். சின்னக் கொடிகளின் விளிம்பு கலங்கித் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் வரைந்தவரின் கை அல்ல, இந்தச் சுருக்கம்தான்.

இனி நிறம். கைக்குக் கிடைப்பதெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள், அவையும் ஒரே மாதிரியான பிலிமில் எடுத்தவை அல்ல. பிலிமில் உள்ள வெள்ளி உப்புகள் இயல்பிலேயே நீலத்துக்கும் புற ஊதாவுக்கும்தான் மசியும். 1873-ல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் பச்சைக்கும் அவை மசியும் என்று கண்டுபிடித்தார். ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் அந்த வழியில் வந்தது. சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் பின்னால் வந்தது. போர்க்காலத்தில் இரண்டுமே புழக்கத்தில் இருந்தன. ஆர்த்தோ பிலிமில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகும், மஞ்சள் இருண்டுபோகும், நீலம் வெளுத்துவிடும். ஆக, படத்தில் கருமையாகத் தெரிவதால் அது கரிய நிறம் என்று சொல்லிவிட முடியாது.

எந்த பிலிம் என்று படத்தின் பின்பக்கம் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் விமானமே அதைச் சொல்லிவிடும். 1942 தொடக்கத்தில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் பக்கவாட்டில் இருந்த வட்டக்குறியில் நடுவே சிவப்பு, பிறகு வெள்ளை, நீலம், வெளியே மஞ்சள். விட்டங்களின் விகிதம் 1:3:5:7. பொதுவாக வெளிவட்டம் 35 அங்குலம். மஞ்சள் வளையம் வெள்ளைக்கு அடுத்தபடி பளிச்சென்று தெரிந்தால் பான்குரோமாட்டிக். அது நீலத்தைவிட இருண்டு, உருமறைப்பு நிறத்தோடு கரைந்துபோனால் ஆர்த்தோ. எதிரியா நண்பனா என்று காட்டுவதற்காக வரைந்த குறி, எண்பது வருடம் கழித்து நிறம் பார்க்கும் அட்டவணையாகப் பயன்படுகிறது. ரீபெயின்ட் உலகில் எனக்கு மிகப் பிடித்த உத்தி இதுதான்.

இதை வைத்து நம் ஹரிக்கேனுக்கு வருவோம். இலங்கைக்கு வந்த ஸ்குவாட்ரன்களில் 30-வது எகிப்திலிருந்து வந்தது. ஆகவே இரண்டு சாத்தியங்களை எடைபோட வேண்டும். ஒன்று, இங்கிலாந்துப் பாணி: மேலே கரும்பச்சையும் மண்பழுப்பும், கீழே ‘ஸ்கை’ எனப்படும் வெளிர்பச்சை. மற்றொன்று, பாலைவனப் பாணி: மேலே மண்பழுப்பும் மணல் மஞ்சளும், கீழே நீலம். மேல்பக்கத்தைத் தீர்மானிப்பது ஓரளவு சுலபம். மணல் மஞ்சளுக்கும் பழுப்புக்கும் பான் பிலிமில் நல்ல வேறுபாடு தெரியும், பச்சைக்கும் பழுப்புக்கும் அவ்வளவு தெரியாது. ஆர்த்தோ பிலிமானால் மஞ்சள் இருண்டு அந்த வேறுபாடும் சுருங்கிவிடும். அதனால்தான் முதலில் வட்டக்குறியைப் பார்க்கச் சொல்வது.

அடிப்பக்கம்தான் கழுத்தை அறுக்கிறது. தரையில் நிற்கும் விமானத்தின் வயிற்றில் வெயில் நேராக விழாது, மண்ணில் பட்டுத் தெறிக்கும் ஒளி மட்டுமே. வெளிர்பச்சையும் நீலமும் அந்த நிழலில் ஒரே சாம்பலாகிவிடும். கேமராவில் மஞ்சள் வடிகட்டி போட்டிருந்தால் நீலம் இன்னும் கறுக்கும். அசல் சாயத்தைப் பார்க்க வேண்டுமானால், லண்டன் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தின் பெயரில் 1976-ல் வந்த நூலில் நிறத்துண்டுகளே ஒட்டப்பட்டிருந்தன. அதில் ‘ஸ்கை’ எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம், சீனக்குடாவில் அதைத்தான் பூசியிருந்தார்களா என்று தெரிந்துகொள்ள முடியாது.

நிறத்தைத் தேர்ந்த பிறகும் சோதனை தீராது. இன்றைய சிமுலேட்டர்கள் வெயிலையும் நிழலையும் தாங்களே கணக்கிடுகின்றன. பழைய பழக்கத்தில் படத்திலேயே நிழலைத் தீட்டினால் நிழல் இரண்டு மடங்காகும். மேற்பரப்பு உலோகமா, சொரசொரப்பு எவ்வளவு என்பதற்குத் தனிப் படங்கள் வேண்டும். ஹரிக்கேனில் விமானி இருக்கைக்குப் பின்னால் உடல் முழுவதும் மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. அங்கே சாயம் உரிந்து அலுமினியம் பளபளப்பதாக வரைந்த ரீபெயின்ட்கள் எத்தனையோ! துணிக்கு அடியில் ஏது உலோகத் தகடு? பொதுவாகவே இவர்கள் அழுக்கை அள்ளிப் பூசுகிறார்கள். புகைபோக்கியின் பின்னால் ஈயம் கலந்த பெட்ரோல் விட்டுச்செல்லும் வெளிறிய சாம்பல் தடம் இருக்கலாம். ஊருக்கு வந்து ஒரே மாதமான விமானத்தை ஓடாய்த் தேய்ந்ததாகக் காட்டுவானேன்? துப்பாக்கி வாய்களை மூடி ஒட்டிய சிவப்புத் துணி மட்டும் கிழிந்திருந்தால் போதும், சுட்டுவிட்டுத் திரும்பிய விமானம் என்று விவரம் தெரிந்தவர் புரிந்துகொள்வார்.

பின்னாளைய விமானங்களில் வேறு தொல்லை. ஜப்பானியக் குறி சிவப்பு வட்டம் என்பதால், சொந்த ஆட்களே சுட்டுவிடாதபடி ஆசியப் போர்முனையில் பிரிட்டிஷார் சிவப்பைக் கைவிட்டார்கள். அமெரிக்கர்களும் 1942 மே மாதம் தங்கள் நட்சத்திரத்தின் நடுவே இருந்த சிவப்புப் பொட்டை அழித்தார்கள். பர்மாவில் பறந்த 79-வது ஸ்குவாட்ரனுக்கு ‘மதராஸ் மாகாணம்’ என்பது அதிகாரப்பூர்வப் பெயர். போர் நிதி கொடுத்ததற்கு மரியாதை. 1944-ல் அது ஹரிக்கேனை விட்டு அமெரிக்கத் தண்டர்போல்ட்டுக்கு மாறியபோது வட்டக்குறியில் மிஞ்சியவை கருநீலமும் வெளிர்நீலமும்தான். சிவப்பும் போயிற்று, மஞ்சளும் போயிற்று. பிலிமை அடையாளம் காணும் வழியும் அவற்றோடு போயிற்று.

சீனக்குடா ஹரிக்கேனுக்கு நான் ‘ஸ்கை’ பக்கம்தான் சாய்வேன். ஆனால் அடிப்பக்க நிறத்தைத் தனி லேயரில் வைத்து, ‘ஊகம்’ என்று பெயரிட்டு, மூலக் கோப்பையும் சேர்த்தே வெளியிடுவேன். நாளைக்கு யாராவது ஒருவருடைய வீட்டு ஆல்பத்திலிருந்து ஒரு வண்ணப் படம் கிளம்பினால், அந்த ஒரு லேயரை மாற்றினால் போதும்.