வீட்டுக் கணினியும் விடாக்கண்டன் வைரஸும்

கணினியில் வைரஸ் என்று யாராவது சொன்னால் நம்மவர்கள் உடனே தரும் வைத்தியம் ஒன்றுதான்: "ஃபார்மட் பண்ணிடுங்க, சரியாப் போயிடும்." ஃபார்மட் செய்து, புதிதாக வின்டோஸ் போட்டு, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த கணினியில் மறுநாள் காலையே அதே வைரஸ் உட்கார்ந்திருந்தால்? எங்கள் குகட்பள்ளியில் 2009, 2010 வாக்கில் பல வீடுகளில் இப்படித்தான் நடந்தது. அந்த வைரஸுக்குப் பெயர் சாலிட்டி. அது ஏன் திரும்பித் திரும்பி வந்தது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரியாததால் பலர் கடைக்குப் பணமும் கொடுத்து, கணினியில் இருந்ததையும் இழந்தார்கள்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பாலாநகர், ராமச்சந்திராபுரம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்த தமிழர்கள் பலர் குகட்பள்ளி வீட்டுவாரியக் காலனியில் குடியேறியது பழைய கதை. ஒரு பக்கம் ஜே.என்.டி.யூ. பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் போனால் அமீர்பேட்டைப் பயிற்சி நிலையங்கள், நடுவே தெருவுக்குத் தெரு மாணவர் விடுதிகள். இத்தனை பேருக்கும் புராஜெக்ட் ரிப்போர்ட், பயோடேட்டா அச்செடுக்க வேண்டும். அதற்கு மூலைக்கு மூலை ஜெராக்ஸ் கடை. கடையில் இருக்கும் ஒரே கணினியில் காலை முதல் இரவு வரை ஊரார் பென்டிரைவ் எல்லாம் மாறி மாறிச் செருகப்படும். அம்மைக் காலத்தில் ஒரே துண்டை ஊரே பயன்படுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

அன்று எல்லாரிடமும் இருந்தது வின்டோஸ் எக்ஸ்பி. சி.டி. போட்டவுடன் அதுவாகவே ஓட வேண்டும் என்பதற்காக 'ஆட்டோரன்' என்று ஒரு வசதியை அதில் வைத்திருந்தார்கள். வட்டில் 'ஆட்டோரன்.இன்எஃப்' என்ற சிறு கோப்பு இருந்தால், அதில் எந்த நிரலை ஓட்டச் சொல்லி எழுதியிருக்கிறதோ அதை வின்டோஸ் ஓட்டும். பென்டிரைவில் இந்தக் கோப்பு இருந்தால், 'மை கம்ப்யூட்டர்' போய் அதன் படத்தின்மேல் இரண்டு தட்டு தட்டினாலே போதும், வைரஸ் உள்ளே போய்விடும். நாம் எந்தக் கோப்பையும் திறந்திருக்கவே வேண்டாம்.

இனி சாலிட்டி. இது 2003இல் முதலில் தென்பட்டது. ரஷ்யாவில் உள்ள சலாவத் என்ற ஊரின் பெயரிலிருந்து இதன் பெயர் வந்தது என்பார்கள். பல வைரஸ்கள் தனிக் கோப்பாக ஒரு மூலையில் கிடக்கும், அதை அழித்தால் தீர்ந்தது. இது அப்படியில்லை. கணினியில் ஏற்கெனவே உள்ள நல்ல நிரல்களின் உடம்புக்குள்ளேயே, அதாவது .இஎக்ஸ்இ, .எஸ்சிஆர் என்று முடியும் கோப்புகளுக்குள், தன்னை ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் ஒவ்வொரு முறையும் தன் உருவத்தை வேறு வேறு சங்கேதத்தில் மறைத்துக்கொள்ளும். ஆகவே விரல் ரேகையை வைத்துத் திருடனைப் பிடிக்கிற மாதிரி வேலைசெய்யும் சாதாரண வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் திணறிப்போகும்.

அதோடு விட்டதா? டாஸ்க் மேனேஜரைத் திறக்கவிடாது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரைப் பூட்டிவிடும். வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்களுக்குப் போகும் வழியை அடைக்கும். 'சேஃப் மோட்' வழியாகப் போய்ப் பார்க்கலாம் என்றால், அதற்கு வேண்டிய குறிப்புகளையே அழித்துவைத்திருக்கும்; நீலத்திரைதான் வரும். வீட்டுச் சாவி திருடன் கையில். நாம் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு அவனைத் தேடுகிறோம்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பீர்கள். பிடிபட்ட கணினிகளைத் தமக்குள் பேசிக்கொள்ள வைத்து, எஜமானன் சொல்லும் வேலையைச் செய்யும் ஒரு படையைச் சேர்ப்பதற்கு. 2011 பிப்ரவரியில் இந்தப் படை 12 நாட்களில், சுமார் 30 லட்சம் இணைய முகவரிகளிலிருந்து, உலக இணையம் முழுவதிலும் உள்ள இணையத் தொலைபேசி வழங்கிகளைத் தேடித் துழாவியதை அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் காலனிக் கணினி எதுவும் அதில் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

எங்கள் அடுக்ககத்தில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பாலாநகரில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். தன் அம்மாவும் அத்தைமாரும் பாடிய தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் நினைவிலிருந்தும், ஊருக்குப் போகும்போது கேட்டும், நான்கு வருஷமாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். பாடியவர்களில் ஒருவர்கூட அப்போது உயிரோடில்லை. சாலிட்டி வந்ததும் ஒரு கடையில் கொடுத்தார். ஃபார்மட் செய்து கொடுத்தார்கள், இரண்டே நாளில் திரும்ப வந்தது. மறுபடி கொடுத்தார், மறுபடி வந்தது. மூன்றாம் தடவை, "மொத்த டிஸ்க்கையும் துடைச்சாத்தான் போகும், ஃபைல் எதுவும் மிஞ்சாது" என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்து, "தம்பி, கம்ப்யூட்டர் போனாப் போகுது. பாட்டு இருக்கா, போச்சா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

கடைக்காரப் பையனைக் கேட்டேன். "டி டிரைவ் முட்டுகோலேது சார்" என்றான். டி டிரைவைத் தொடவே இல்லையாம். விஷயம் அங்கேதான் இருந்தது. கடைகளில் ஃபார்மட் என்றால் வின்டோஸ் இருக்கும் சி பகுதியை மட்டும்தான் துடைப்பார்கள், டி பகுதியில் வாடிக்கையாளரின் படமும் பாட்டும் இருக்குமே என்று. அந்த டி பகுதியிலேயேதான் பிரிண்டர், சவுண்ட் கார்டு ஆகியவற்றின் நிறுவல் கோப்புகளும் கிடக்கும். எல்லாம் .இஎக்ஸ்இ. சாலிட்டி அவற்றுக்குள்ளும் ஏற்கெனவே புகுந்தாயிற்று. புது வின்டோஸ் போட்ட கையோடு, சத்தம் வரவில்லையே என்று அந்தக் கோப்பை ஓட்டினால், துரத்தியவனை நாமே கதவைத் திறந்து கூப்பிட்ட மாதிரி.

ஆனால் அதே இடத்தில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. சாலிட்டி புகுவது நிரல்களுக்குள். வேர்டு கோப்பு, புகைப்படம், எழுத்துரு இவற்றுக்குள் புகுவதில்லை. ஆகவே பாட்டு போகவில்லை.

எடுக்கும் முறைதான் முக்கியம். நோய்வாய்ப்பட்ட வின்டோஸை எழுப்பவே கூடாது. அப்போது உபுன்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் சி.டி.யைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2005இலிருந்து 2011 வரை நடந்த நல்ல காரியம். அந்தச் சி.டி.யிலிருந்து கணினியைத் துவக்கினால் வன்தட்டில் உள்ள வின்டோஸும் தூங்கும், வைரஸும் தூங்கும். அந்த நிலையில் வேர்டு கோப்புகளையும் படங்களையும் மட்டும் புது வட்டு ஒன்றுக்கு நகலெடுத்தோம். ஒரு .இஎக்ஸ்இ கூட எடுக்கவில்லை. எழுத்துருக் கோப்பை மட்டும் ஞாபகமாக எடுத்தேன். அண்ணாச்சி தட்டச்சு செய்தது யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில். அது இல்லாமல் திறந்தால் தாலாட்டு முழுவதும் பொருளில்லாத ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

பிறகு சி, டி இரண்டு பகுதிகளையும் அழித்து, அசல் சி.டி.யிலிருந்து எக்ஸ்பி போட்டு, இணையத்தைச் செருகுவதற்கு முன்னாலேயே ஆட்டோரனை நிறுத்தினோம். சவுண்டுக்கும் மற்றதுக்கும் மதர்போர்டோடு வந்த சி.டி.; அதில் யாரும் எழுத முடியாது, வைரஸும் உட்பட.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தால் தப்பு. வீட்டில் பென்டிரைவ் எத்தனை என்று கேட்டேன். "ரெண்டு" என்றார். இரண்டையும் லினக்ஸிலேயே திறந்து துடைத்தோம். நான்கு நாள் கழித்துப் பேரனின் பள்ளிப் பையிலிருந்து மூன்றாவது வந்தது. அதில் ஆட்டோரன்.இன்எஃப் பத்திரமாக இருந்தது! அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் எல்லாம் முதலிலிருந்து.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2009இல் வந்த வின்டோஸ் 7 பென்டிரைவ் ஆட்டோரனை விட்டொழித்தது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் அந்தத் திருத்தத்தைத் தானியங்கி முறையில் அனுப்பினார்கள். எக்ஸ்பிக்கான ஆதரவே 2014 ஏப்ரலில் நின்றுபோனது. மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவில் துப்புரவு மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே 2017 மே மாதத்தில் வான்னாக்ரை வந்து, ஆந்திரக் காவல்துறைக் கணினிகள் சிலவற்றைக்கூட முடக்கியது நினைவிருக்கலாம். சாலிட்டி நம் ஆவணங்களைத் தொடவில்லை. இந்த வகை, ஆவணத்தையே பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறது. லினக்ஸ் சி.டி. போட்டு நகலெடுத்தாலும் பூட்டிய கோப்புதான் கையில் வரும். ஆகவே நகலை முன்பே எடுத்துவைக்க வேண்டும். எடுத்த வட்டைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். கழற்றி அலமாரியில் வையுங்கள். அண்ணாச்சியின் பாட்டுகள் யூனிகோடுக்கு மாறி இப்போது இரண்டு ஊர்களில் இரண்டு வட்டுகளில் இருக்கின்றன.

இன்னமும் கடைக்குப் பென்டிரைவ் எடுத்துப்போகிறவர்கள் அதில் அச்செடுக்க வேண்டிய ஒரே ஒரு கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் எதையும் திறக்காமல் துடைத்துவிடுங்கள். மூலக்கோப்பு வீட்டில்தானே இருக்கிறது.